பாற்சர்க்கரை நீக்கிய பால் வேறு, பாலே இல்லாத பானம் வேறு

திருத்தணி மலையடிவாரத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே பால் நடமாடத் தொடங்கிவிடுகிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து கேன்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பால்காரர்கள் வருகிறார்கள். ஒரு பங்கு கூட்டுறவு சங்கத்துக்கும், ஒரு பங்கு டீக்கடைகளுக்கும், கிருத்திகை நாளானால் ஒரு பங்கு பால்குடங்களாக 365 படிகளின் மேலேயும் போய்ச் சேருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர் வட்டாரங்களிலும் இதே காட்சிதான். வேர்க்கடலையும் கரும்பும் மழையை நம்பி நிற்கும் இப்பகுதியில், கையில் அன்றாடம் நாலு காசு புழங்கச் செய்வது கறவை மாடே ஆகும்.

இந்த ஊர்க் கடைகளிலும் அண்மைக் காலமாக ஒரு புதிய அலமாரி இடம் பிடித்திருக்கிறது. அட்டைப் பெட்டியில் அடைத்த பானங்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. ஒரு பெட்டியில் 'லாக்டோஸ் இல்லாதது' என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் பாதாம் படம், அதற்கடுத்ததில் சோயா மொச்சை, அதற்கும் அடுத்ததில் ஓட்ஸ் கதிர். எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. விலையோ சங்கத்தில் லிட்டருக்குக் கிடைக்கும் தொகையைப் போலப் பல மடங்கு.

இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயியின் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். பத்து வயதுப் பையன். காலையில் ஒரு பெரிய தம்ளர் பால் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், முதல் மணி அடிப்பதற்குள் வயிறு உப்பி இரைகிறது. சில நாள் பேதியும் ஆகிறது. "பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பெட்டிப் பால் வாங்கிக் கொடு" என்று யாரோ சொல்கிறார்கள். தாய் கடைக்குப் போகிறாள். எந்தப் பெட்டி என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. விலை குறைந்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்து வருகிறாள். வீட்டில் கறந்த பாலைச் சங்கத்தில் ஊற்றிய பணம் அப்படியே அந்தப் பெட்டிக்குப் போய்விடுகிறது. பையனுக்குச் சேரவேண்டிய சத்து சேர்ந்ததா என்பதும் சந்தேகம். இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அன்று.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டுமானால் முதலில் பாற்சர்க்கரை என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது பால் கறப்பவருக்கு அந்நியமான பொருள் அல்ல. சங்கத்தில் அவர் வாங்கும் விலையில் ஒரு பகுதி அதற்காகத்தான் தரப்படுகிறது.

மடியில் ஊறும் சர்க்கரை

நூறு கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 87 கிராம் தண்ணீர். மீதியில் கொழுப்பு சுமார் 4 கிராம், புரதம் மூன்றேகால் கிராம், சுண்ணாம்பு முதலிய தாது உப்புக்கள் முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. எஞ்சியிருப்பது பாற்சர்க்கரை, அது 4.5 முதல் 4.8 கிராம் வரை இருக்கும். லாக்டோஸ் என்பது இதன் பெயர். சங்கத்தில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள் என்று அளந்து விலை போடுகிறார்களே, அந்தத் திடப்பொருளில் பாதிக்கு மேல் இந்தச் சர்க்கரைதான்.

இது தீவனத்திலிருந்து நேராக மடிக்கு வந்துவிடுவதில்லை. மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தவிடு, சோளம், பசுந்தீவனம் ஆகியவற்றைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் புரோப்பியோனிக் அமிலம் என்ற ஒன்றைக் கொண்டு கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கிறது. மடி அந்தக் குளுக்கோஸை இரத்தத்திலிருந்து எடுத்துப் பாற்சர்க்கரையாகக் கட்டுகிறது. சர்க்கரைக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. மடியில் சர்க்கரை சேரச் சேர, அதற்கு ஈடாகத் தண்ணீரும் வந்து சேருகிறது. இப்படித்தான் பால் சுரக்கிறது. ஆகவே பாற்சர்க்கரை இல்லாத பாலைக் கறக்கும் மாடு என்று ஒன்று உலகில் இல்லை; சர்க்கரை ஊறாவிட்டால் பாலே இறங்காது.

இதை விவசாயிகள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாட்டு மாட்டுப் பாலில் லாக்டோஸ் இல்லை என்றும், குறிப்பிட்ட தீவனம் கொடுத்தால் பால் 'லாக்டோஸ் இல்லாததாக' மாறும் என்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் தவறு. நாட்டு மாடு, கலப்பின மாடு, எருமை, வெள்ளாடு எதுவானாலும் பாலில் நூற்றுக்கு நாலு முதல் ஐந்து பங்கு வரை பாற்சர்க்கரை உண்டு. ஏ-2 பால் என்று பேசப்படுவது பாலிலுள்ள ஒரு புரதத்தின் வகையைக் குறிப்பது. சர்க்கரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தாய்ப்பாலில்தான் இந்தச் சர்க்கரை எல்லாவற்றிலும் அதிகம், சுமார் 7 பங்கு.

இன்னொரு செய்தியும் இங்கே சொல்லத் தக்கது. மடிநோய் கண்ட மாட்டின் பாலில் பாற்சர்க்கரை குறைந்து உப்பு கூடுகிறது. பால் லேசாகக் கரிக்கும். சங்கத்தில் திடப்பொருள் குறைவு என்று விலையைக் குறைத்தால், தண்ணீர் கலந்ததாகச் சந்தேகப்படுகிறார்களே என்று வருத்தப்படுவதற்கு முன், ஒவ்வொரு காம்பிலும் முதலில் பீய்ச்சும் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்பது நல்லது. திரிதிரியாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கன்றுக்கு உள்ளது, காளைக்கு இல்லை

பாற்சர்க்கரையை அப்படியே உடல் ஏற்றுக்கொள்ள முடியாது. அது குளுக்கோஸ், காலக்டோஸ் என்னும் இரண்டு சிறு சர்க்கரைகள் ஒன்றோடொன்று பிணைந்தது. அந்தப் பிணைப்பை வெட்டுவதற்குச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதிப்பொருள் சுரக்கிறது. பால்குடிக் கன்றுக்கு இது நிறைய உண்டு. பால் மறந்து புல் மேயத் தொடங்கியதும் படிப்படியாகக் குறைந்துபோகிறது. ஆட்டுக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் அப்படியே. தாய்ப்பாலை விட்டபிறகு பால் குடிக்காத உயிருக்கு அந்த நொதி எதற்கு என்று இயற்கை சிக்கனம் செய்கிறது போலும்.

மனிதனும் இதற்கு விலக்கல்ல. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வளர்ந்தபின் இந்த நொதி குறைந்துவிடுகிறது. ஐரோப்பாவின் வட பகுதியிலும், நம் நாட்டின் வடமேற்கிலும், பல ஆயிரம் ஆண்டுகளாக மாடு வளர்த்துப் பால் குடித்து வந்த கூட்டத்தாரிடம், மரபணுவில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றத்தால் வயதானபின்பும் நொதி சுரந்துகொண்டே இருக்கிறது. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட தென்னிந்தியர்களில் மூவருக்கு இருவர் வீதம் பாற்சர்க்கரையைச் சரிவரச் செரிக்க இயலாதவர்கள் எனக் காணப்பட்டது. வட இந்தியர்களில் இது நால்வருக்கு ஒருவர் என்பதைவிடச் சற்றே அதிகம்.

அப்படியானால் நம் ஊரில் மூவரில் இருவர் வயிற்று வலியால் துடிக்க வேண்டுமே, ஏன் அப்படி நடப்பதில்லை? காரணம் அளவு. நொதி குறைந்தவரும் ஒரு வேளைக்குச் சுமார் 12 கிராம் வரை பாற்சர்க்கரையைப் பெரும்பாலும் தொல்லையின்றித் தாங்கிக்கொள்கிறார். ஒரு காப்பியில் சேரும் நூறு மில்லி பாலில் 5 கிராம்கூட இல்லை. டீயில் அதிலும் குறைவு. மதியச் சோற்றுக்கு மோர், கூழுக்கு மோர் என்றுதான் நம்மவர் பாலைச் சாப்பிடுகிறார்கள். தம்ளர் தம்ளராகப் பச்சைப் பாலோ காய்ச்சிய பாலோ குடிப்பது இந்தப் பக்கத்து வழக்கமே அல்ல. பையனுக்குச் சத்து வேண்டும் என்று வெறும் வயிற்றில் முந்நூறு மில்லியைக் குடிக்கச் சொல்லும்போதுதான் வழக்கம் மாறுகிறது, வயிறும் மாறுகிறது.

செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும், மடியில் செய்த அதே வேலையை அங்கேயும் செய்கிறது, தண்ணீரை இழுக்கிறது. அதனால் பேதி. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. அதனால் காற்று, உப்பசம், இரைச்சல். அளவுக்கு மீறிப் பால் ஊட்டிய கன்று கழிவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தான நோய் அன்று.

பால் ஒவ்வாமை என்பது முற்றிலும் வேறு

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சில குழந்தைகளுக்குப் பாலிலுள்ள புரதமே ஆகாது. பாலிலுள்ள கேசின் முதலிய புரதங்களை உடல் பகையாக எண்ணித் தாக்கத் தொடங்குகிறது. உடம்பெங்கும் தடிப்பு, உதடும் முகமும் வீங்குதல், வாந்தி, மூச்சிரைப்பு, மலத்தில் இரத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்கு ஒரு தம்ளர் வேண்டியதில்லை, ஒரு தேக்கரண்டியே போதும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

இப்படிப்பட்ட குழந்தைக்கு லாக்டோஸ் நீக்கிய பாலைக் கொடுப்பது பெரும் ஆபத்து. ஏனெனில் அதில் சர்க்கரை மட்டுந்தான் மாறியிருக்கிறது. புரதம் அத்தனையும் அப்படியே இருக்கிறது. ஆட்டுப் பாலும் பெரும்பாலும் உதவாது, அதன் புரதம் பசும்பால் புரதத்துக்கு நெருங்கிய உறவு. இவர்களுக்குத்தான் பாலே கலவாத உணவு வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லும் வகையில்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

லாக்டோஸ் நீக்கிய பால் என்பது அசல் பால்தான். சங்கத்தில் ஊற்றுகிற பாலைப் போன்ற பாலையே எடுத்து, ஈஸ்ட் அல்லது ஒருவகைப் பூஞ்சையிலிருந்து தயாரித்த லாக்டேஸ் நொதியைச் சேர்த்து, குளிர்ந்த நிலையில் பல மணி நேரம் வைக்கிறார்கள். குடலில் நடக்க வேண்டிய வெட்டுவேலை தொட்டியிலேயே நடந்துவிடுகிறது. குளுக்கோஸும் காலக்டோஸும் பாற்சர்க்கரையைவிட இனிப்பானவை. ஆகையால் சர்க்கரை போடாமலே இந்தப் பால் சற்றுத் தித்திக்கும். கொழுப்பு, புரதம், சுண்ணாம்புச் சத்து எதுவும் குறைவதில்லை. இனிப்பதைக் கண்டு சீனி கலந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அதேபோல், 'லாக்டோஸ் இல்லை' என்றால் சர்க்கரையே இல்லை என்று எண்ணி நீரிழிவு உள்ளவர்கள் ஏமாறவும் வேண்டாம்.

பின்லாந்து நாட்டின் வாலியோ என்னும் நிறுவனம் இதில் முன்னோடி. அது விவசாயிகளின் கூட்டுறவுகளுக்குச் சொந்தமானது. 2001-இல் அந்நிறுவனம், சர்க்கரையின் ஒரு பகுதியை வடித்தெடுத்துவிட்டு மீதியை நொதியால் பிளந்து, வழக்கமான பாலின் சுவையிலேயே லாக்டோஸ் இல்லாத பாலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் குஜராத்தின் அமுல் கூட்டுறவும் லாக்டோஸ் நீக்கிய பாலை விற்கிறது. இரண்டுமே பால் உற்பத்தியாளர்களின் நிறுவனங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பெட்டி விற்றால் பால்காரருக்கு நட்டம் இல்லை, அதற்கும் பால்தான் வேண்டும்.

அடுத்த பெட்டி அப்படியல்ல. பாதாம், சோயா, ஓட்ஸ், அரிசி, தேங்காய் முதலியவற்றை ஊறவைத்து அரைத்து வடிகட்டியது அது. மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகையால் பாற்சர்க்கரையும் இல்லை, பால் புரதமும் இல்லை. சத்தோ வித்துக்கு வித்து மாறுபடும். சோயா பானத்தில் நூற்றுக்கு 3 பங்கு அளவில் புரதம் இருப்பதால் அது ஒன்றுதான் பாலுக்குக் கிட்டே வருகிறது. பெட்டியில் வரும் பாதாம் பானத்தில் பெரும்பாலும் தண்ணீரே. புரதம் ஒரு பங்கைத் தொடுவது அரிது. அரிசிப் பானம் அதைவிட மோசம். தேங்காய்ப்பால் கொழுப்பு மிகுந்தது. சுண்ணாம்புச் சத்தைத் தனியே சேர்த்திருந்தாலொழிய இவற்றில் அது சொற்பம். பி-12 வைட்டமின் தாவரப் பானங்களில் இயற்கையாகக் கிடைப்பதில்லை.

இது ஏட்டுச் செய்தி என்று தள்ளிவிடக் கூடாது. கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரு குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாக அரிசிப் பானத்தையே முக்கிய உணவாகக் கொடுத்துவந்ததில், புரதக் குறைவால் உடம்பு வீங்கும் நோய் வந்ததாக 2001-இல் அமெரிக்க மருத்துவ ஏட்டில் ஒரு குறிப்பு வெளியாயிற்று. பசி பஞ்சத்தில் காணும் நோய் அது. வசதியான நாட்டில், பெற்றோரின் நல்லெண்ணத்தாலேயே வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாவரப் பானம் எதுவும் பாலுக்கு மாற்றாகாது.

'பால்' என்ற பெயர்

தமிழில் பால் என்ற சொல் மாட்டுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. தேங்காய்ப்பால் என்கிறோம், கேழ்வரகுப் பால் எடுக்கிறோம், எருக்கம்பால், கள்ளிப்பால் என்றும் சொல்கிறோம். எல்லைக்கு அப்பால் தெலுங்கிலும் 'கொப்பரி பாலு' உண்டு. வீட்டுப் பேச்சில் இதனால் ஒரு குழப்பமும் வராது. தேங்காய்ப்பாலை யாரும் உறை ஊற்றப் போவதில்லை. அங்காடியில்தான் தகராறு. பாதாம் பானத்தைப் பால் என்று அச்சிட்டு விற்பதைப் பால் கூட்டுறவுகள் எதிர்த்தன. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 செப்டம்பரில், தாவரப் பானங்களைப் பால் முதலிய பெயர்களில் விற்பதைத் தடுக்க உத்தரவிட்டது. தேங்காய்ப்பால் போன்று காலங்காலமாக வழங்கிவரும் பெயர்களுக்கு விலக்கு உண்டு. ஐரோப்பிய நீதிமன்றமும் 2017 ஜூனில் இதே போக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

தாவரப் பானம் வந்து கறவை மாட்டை ஒழித்துவிடும் என்ற பயம் இன்றைக்கு மிகையானதே. டீக்கடையும் தயிரும் நெய்யும் இருக்கும்வரை அந்தப் பயம் வேண்டாம். மேலும் இப்பகுதி விவசாயியின் ஒரு கை மாட்டைப் பிடித்திருந்தால், மறு கை வேர்க்கடலையைப் பிடித்திருக்கிறது. இரண்டு பக்கமும் அவருடைய சரக்குதான்.

வேர்க்கடலைக்கு இதில் ஒரு பழைய வரலாறு உண்டு. மைசூரில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், நாட்டில் பால் பற்றாக்குறையாக இருந்த காலத்தில், வேர்க்கடலைப் புரதத்தைப் பிரித்தெடுத்துப் பாலோடு கலந்து 'மில்டோன்' என்ற பானத்தை உருவாக்கியது. இருக்கிற பாலை இன்னும் பலருக்குப் பங்கிடுவதே அதன் நோக்கம். பால் பெருகியபின் அதன் தேவை மங்கிவிட்டது. ஆனால் அதை இன்றைய கண்ணால் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. அது தாவரப் பொருளில் செய்தது. ஆயினும் பால் கலந்தது. பால் ஒவ்வாமை உள்ளவர் அதைத் தொட முடியாது. இன்றும் காப்பியில் போடும் 'பால் அல்லாத' வெண்பொடிகள் சிலவற்றில் பாலின் கேசின் புரதம் சேர்க்கப்படுகிறது. பெட்டியின் முகப்பை நம்பாமல் பின்புறம் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

வீட்டிலேயே வேர்க்கடலைப் பால் எடுப்பது கடினமல்ல. பருப்பை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, நைசாக அரைத்து, எட்டு மடங்கு தண்ணீர் விட்டு வடித்து, அடிபிடிக்காமல் கிளறிக் கொதிக்கவைக்க வேண்டும். நூறு கிராம் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு; அதில் பெரும்பகுதி பாலில் இறங்கும். சுண்ணாம்புச் சத்து மட்டும் குறைவு. பூஞ்சை பிடித்த, சுருங்கிய, கறுத்த பருப்பு ஒன்றுகூடச் சேரக் கூடாது. அதிலுள்ள அப்ளாடாக்ஸின் நஞ்சு கொதித்தாலும் போகாது. பூசணம் பூத்த புண்ணாக்கை மாட்டுக்குப் போட்டால் அதே நஞ்சு பாலிலும் வரும். இதைச் சொல்லாமல் வேர்க்கடலையைப் பற்றிப் பேசுவது முறையாகாது. வேர்க்கடலையே ஒவ்வாதவர்களும் சிலர் உண்டு.

வீட்டில் செய்யத் தக்கவை

பால் குடித்தால் வயிறு கெடும் பிள்ளைக்கு முதலில் பெட்டி தேவையில்லை. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்க்கலாம். தொல்லை நின்று, மீண்டும் பால் கொடுத்ததும் திரும்பினால் பாற்சர்க்கரையே காரணமாக இருக்கக்கூடும். நிற்காவிட்டால் குடற்புழு முதல் வேறு பல காரணங்கள் இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடை குறைதல், காய்ச்சல், மலத்தில் இரத்தம் இவை இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது.

காரணம் பாற்சர்க்கரைதான் என்று தெரிந்தால், அளவைக் குறைத்து, உணவோடு சேர்த்துக் கொடுக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரே மூச்சாகக் குடிப்பதற்குப் பதில், இட்லியோ கூழோ சாப்பிட்டபின் அரைத் தம்ளர்; மாலையில் மற்றோர் அரைத் தம்ளர். பலருக்கு இதுவே போதும். அடுத்தது தயிர். உறையிலுள்ள நுண்ணுயிர்கள் பாற்சர்க்கரையின் ஒரு பகுதியைத் தின்று புளிப்பாக மாற்றிவிடுகின்றன. அது மட்டுமல்ல, அவை தம்முடைய நொதியையும் குடலுக்குள் கொண்டுபோய் எஞ்சியதைச் செரிக்க உதவுகின்றன. நன்றாக உறைந்த தயிரைக் கடைந்து தண்ணீர் விட்ட மோரில் சர்க்கரை இன்னும் குறைவு. நெய்யில் அநேகமாக இல்லை. திரிந்த பாலை வடித்தெடுத்த பன்னீரிலும் சொற்பமே, தண்ணீரோடு போய்விடுகிறது. பால்கோவாவில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஐந்து லிட்டர் பால் சுண்டி ஒரு கிலோ கோவா ஆகிறது. சர்க்கரையும் அதற்கேற்பத் திரண்டு நிற்கிறது. பால் பவுடரும் அப்படியே. கொழுப்பு நீக்கிய பவுடரில் பாதி பாற்சர்க்கரை.

பாலை நெடுநேரம் காய்ச்சுவதாலோ, ஆடையை எடுத்துவிடுவதாலோ, மஞ்சளும் மிளகும் போடுவதாலோ பாற்சர்க்கரை குறைவதில்லை. தண்ணீர் கலந்தால் ஒரு தம்ளரில் உள்ள அளவு குறையும், சத்தும் சேர்ந்தே குறையும்.

பாலை அறவே விட்டுவிட்டவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. பசும்பாலில் நூறு கிராமுக்கு 120தான். ஆனால் கேழ்வரகிலிருப்பது பாலில் இருப்பதைப் போல முழுதாக உடலில் சேர்வதில்லை. முளைகட்டினால் நிலைமை சற்று மேம்படும். முருங்கைக்கீரை, எள் ஆகியவையும் துணை செய்யும். ஆடியில் ஊற்றும் கேழ்வரகுக் கூழும் மோரும் சேர்ந்த கூட்டு, இந்தக் கணக்கில் பார்த்தால், எந்தப் பெட்டிக்கும் இளைத்ததல்ல.

கைக்குழந்தைகள் விஷயத்தில் கணக்கே வேறு. பிறக்கும்போதே லாக்டேஸ் இல்லாத குழந்தை மிக மிக அரிது. பேதி கண்ட குழந்தைக்குக் குடலின் உள்தோல் பழுதாகிச் சில நாட்கள் இந்த நொதி குறைவது உண்டு. குடல் ஆறியதும் தானே திரும்பிவிடும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசலும் தாய்ப்பாலும் தொடர வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெட்டி வாங்க வேண்டிய வீடுகள் உண்டு. தயிர்கூட ஆகாதவர், மருத்துவர் பால் அவசியம் என்று சொன்ன வயதானவர், பால் ஒவ்வாமை உள்ள குழந்தை என்று அவர்கள் பல வகை. அவர்கள் பச்சைப் புள்ளியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்தப் புள்ளி சைவம் என்பதை மட்டும் காட்டும். பாலுக்கும் நெய்க்கும் அது உண்டு. பால் முதலிய விலங்குப் பொருள் எதுவும் சேராத உணவுக்கு 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி தனி முத்திரை இருக்கிறது. பச்சை நிறத்தில், இலை முளைத்த ஆங்கில 'வி' எழுத்து அது. பெட்டியின் பின்புறம் சேர்மானப் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமைக் குறிப்பு என்று ஒரு வரி இருக்கும். அதில் பால் என்று இருந்தால் அது பால். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆகாது. பால் என்று இல்லாவிட்டால், நூறு மில்லியில் எத்தனை கிராம் புரதம், எத்தனை மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து என்று அடுத்த கட்டத்தில் பார்க்க வேண்டும். இந்த வரிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்திலும் இருக்கின்றன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உடன் அழைத்துச் சென்று படிக்கச் சொல்லலாம். முதலில் சொன்ன வீட்டுப் பையனுக்கு அந்தப் பெட்டி வேண்டியிராது. சாயங்காலம் ஒரு பாத்திரத்தில் பாலை உறை ஊற்றி வைத்தால் போதும்; மறுநாள் காலையில் கூழுக்கு அது ஆகும். மீதிப் பால் வழக்கம்போலச் சங்கத்துக்குப் போகலாம்.